தனலட்சுமி வீட்டுப் புது கேட்

போன வாரம் என் செல்போன் என்னோடு சண்டைக்கு வந்தது. உள்ளே இடமில்லையாம். எதையாவது அழித்தால்தான் இனி எதையும் வாங்கிக்கொள்ளுமாம். தம்பி மகளின் காதுகுத்து வீடியோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, எதை அழிக்கலாம் என்று யோசனை சொல்வதுபோல, ‘உங்கள் நினைவுகள்’ என்று தலைப்புப் போட்டு, புல்லாங்குழலும் சேர்த்துப் பழைய படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டியது. ஒரே நாற்காலி. அதில் மாறி மாறி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அந்தப் புல்லாங்குழலோடு சேர்த்துப் பார்த்தால் திண்டுக்கல்லில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சில வருஷம் முன்பு அந்தப் படங்களை எடுத்தபோது சாகக் கிடந்தவள் நான். அவர்கள் என்னைப் பார்க்க வந்தவர்கள்.

மார்பில் கட்டி. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. இதை நான் இப்படிப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் ஒருத்தர்கூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ‘அது’ என்பார்கள், ‘அந்த இது’ என்பார்கள், சிலர் வாயை மட்டும் அசைப்பார்கள். ஆனால் விவரம் மட்டும் முழுசாக வேண்டும். “எப்படி ஆச்சு? மொதல்ல எப்படிக் கண்டுபிடிச்சீக?” வந்தவர் எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதிலிருந்து ஆரம்பித்து ஆபரேஷன் தியேட்டர் வரை நான் சொல்லி முடிக்க வேண்டும். முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தவர் வருவார். “எப்படி ஆச்சு?”

கதை கேட்டு முடித்ததும் பதிலுக்கு அவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அவர்கள் சின்ன மாமியாருக்கும் இதேதான். நல்லாத்தான் இருந்தாக. நல்லாத்தான் சாப்பிட்டாக. அங்கே நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்ப்பார்கள். சின்ன மாமியாருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. அது ஒரு மரியாதை.

இன்றைக்கும் ஆப்பிள் வாசனை வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அந்த நாட்களில் எங்கள் வீடே ஆப்பிளாக நாறியது. ஒவ்வொரு பழத்திலும் ஒரு ஸ்டிக்கர். ஆப்பிளுக்கு வழியில்லாதவர்கள் சிறுமலை வாழைப்பழம் கொண்டுவந்தார்கள், அவர்கள் நல்லா இருக்கட்டும். ஒருத்தி, என் ஒன்றுவிட்ட நாத்தனார், நிலக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி ஒரு பந்து மல்லிகை வாங்கி வந்தாள். “அண்ணி, ஒங்களுக்குப் பிடிக்கும்ல” என்று உரிமையோடு தலையில் வைக்க வந்தவள், நான் சேலைத் தலைப்பை எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வைக்க ஒரு முடி இல்லை. கையில் பூ, எதிரே மொட்டை. பாவம், சாமி படத்தைத் தேடி ஓடினாள்.

சரி, படம் எடுக்கிற கதைக்கு வருகிறேன். நான் முப்பது வருஷம் நூல் மில்லில் டைம் ஆபீஸில் குப்பை கொட்டியவள். எந்த ஷிப்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதே பிழைப்பு. மருந்து ஏற ஏற எனக்கு மறதி வந்துவிட்டது. நேற்று வந்தவர் யார் என்று இன்று தெரியாது. நம் ஊரில் இது சாதாரணக் குற்றமா? மொய்க்கு மொய் மாதிரி, நோய் பார்க்க வந்தவர் படுத்தால் நாமும் போய்ப் பார்க்க வேண்டும். மறந்தால் தீர்ந்தது. அதனால் மகன் வாங்கித் தந்த போனில் வந்தவரை எல்லாம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இது ஊருக்குச் சொன்ன காரணம்.

உள்ளே இருந்த காரணம் வேறு. எனக்கு வரவேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அவள் வந்தால் நான் மருந்து மயக்கத்தில் தூங்கிப்போய், வந்ததே தெரியாமல் போய்விடக் கூடாது என்று எனக்குப் பயம்.

அவள் பெயர் பிலோமினா. எனக்கு பிலோ. டைம் ஆபீஸில் அடுத்த மேசை. என் கல்யாணத்துக்கு முந்தின பழக்கம். பச்சை நிற ஸ்கூட்டி ஒன்று வைத்திருந்தாள். அதன் முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ஒயர் கூடையைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாள். “ஏண்டி, கோழிக்கடைக்காரி மாதிரி இருக்கு” என்று சொன்னாலும் அவிழ்க்க மாட்டாள். அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து அண்ணன் பஸ் டிரைவர். அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டுகிற மனுசனுக்கு நாலு பேர் இருக்கிற வீட்டுக்குள் நுழையக் கூச்சம். இருவரும் வந்தால் பிலோ மட்டும் உள்ளே வருவாள். அவர் எதிர்ச்சாரியில் புங்கமரத்தடியில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் காபியை அங்கேயே கொடுத்தனுப்புவேன். எனக்குக் கட்டி கண்டுபிடித்த சமயத்தில்தான் அவருக்கும் வயிற்றில் அதுவே வந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தேறுவோம் என்று பேசிக்கொண்டோம்.

டாக்டர் யாரையும் கிட்டே சேர்க்காதே என்றதால் எங்கள் வீட்டுக்காரர் என் கட்டிலை உள்பக்கம் தள்ளிவிட்டு, வருகிறவர்களுக்கு வாசற்கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டார். கதவு எப்போதும் திறந்திருக்கும். நான் கட்டிலிலிருந்தே போனை நீட்டுவேன். அந்த மருந்துக்கு என் கண்ணில் ஓயாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் நாற்காலிக்கு அப்பால் எனக்குத் தெரு தெரியாது, வெறும் வெளிச்சம்தான்.

“சிரிங்க” என்றால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். சீக்குக்காரி வீட்டில் பல்லைக் காட்டிய படம் நாளைக்கு யார் கையிலாவது கிடைத்தால் என்ன நினைப்பார்கள்? அதனால் கையைக் கட்டி, உதட்டை இறுக்கி, என்னையே அடக்கம் பண்ணிவிட்டு வந்த முகத்தோடு உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்கு ஜோக் சொல்ல வேண்டியிருந்தது. மொட்டைத் தலையோடு, வாயெல்லாம் புண்ணோடு, நான் அவர்களுக்கு ஜோக் சொன்னேன்.

ஆனால் படம் எடுக்கிறாள் என்கிற சேதி தெருவில் பரவியதும் பாருங்கள், எங்கள் வீட்டுக்கு வந்த யோகத்தை! ஒரு தடவை வந்தவர்கள் மறு தடவை வந்தார்கள். பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். சின்னாளப்பட்டிச் சேலை, பட்டுச்சேலை, புது வளையல். ஒருத்தர் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்து, சைடு போஸ் கேட்டார். இன்னொருவர், “தாயி, பின்னாடி மங்கலாக் காட்டுவாகளே, அப்படி எடுங்க. நான் மட்டும் பளிச்சுனு தெரியணும்” என்றார். அதற்குப் போனில் ஒரு வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து ஆளாளுக்கு அதே வேண்டுமென்று நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் காபி போட்டுப் போட்டுக் கருத்துப்போனார்.

எதிர் வீட்டுத் தனலட்சுமி மட்டும் வித்தியாசம். அவள் தினமும் வருவாள். ரசம் கொண்டுவருவாள், அதில் உப்பு இருக்காது, பாசம் நிறைய இருக்கும். அவள்தான் எனக்கு வாசல் காவல் மாதிரி. யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள், எல்லாம் அவள் பார்வை. படத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்த ஒரே ஆள் அவள்தான். “அக்கா, எனக்குப் பின்னாடி மங்கலாக்கிராதீக. எங்க புது கேட்டு நல்லாத் தெரியணும்” என்றாள். அப்போதுதான் அவள் வீட்டுக்கு வெள்ளிக் கலரில் கேட் போட்டிருந்தார்கள், நடுவில் இரண்டு மயில். அவளையும் மயிலையும் சேர்த்து நாலைந்து படம் எடுத்தேன்.

எல்லோரும் வந்தார்கள். பிலோ வரவில்லை. கேட்டால் எங்கள் வீட்டுக்காரர், “வருவா, வேல இருக்கும்ல” என்று அடுப்படிக்குள் போய்விடுவார்.

விஷயத்தை உடைத்தவர் கண்டக்டர் மாமா. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், சவரிமுத்து அண்ணனோடு ஒரே பஸ்ஸில் ஓடியவர். நாற்காலியில் உட்கார்த்தி, “மாமா, கொஞ்சம் சிரிங்க” என்றேன்.

“எங்கிட்டுத்தா சிரிக்க? போன மாசந்தான் சவரிமுத்த அடக்கம் பண்ணிட்டு வந்தோம். அவனுக்கும் இதே…”

பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர் இருமினார். மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. அதே நேரம் என் விரல் பட்டுவிட்டது. அந்தப் படம் இன்னும் இருக்கிறது, மாமாவும் திறந்த வாயும்.

நான் மதுரையில் ஆபரேஷனுக்குக் கிடந்தபோது அண்ணன் இறந்திருக்கிறார். என்னிடம் சொல்லக் கூடாது என்று வீட்டு வாசலிலேயே வருகிற ஒவ்வொருத்தரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அத்தனை பேரும் அந்த நாற்காலியில் அதை விழுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பு வராததற்கு அது பாதிக் காரணமாக இருக்கலாம். அன்றைக்கு நான் ரொம்ப நேரம் அழுதேன். அண்ணனுக்காக அழுதேன், எனக்காகவும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

துக்கம் கேட்கப் போக எனக்கு அனுமதி இல்லை. கூட்டத்துக்குள் போனால் காய்ச்சல் தொற்றி நானும் அண்ணனைத் தேடிப் போய்விடுவேன் என்றார் டாக்டர், கொஞ்சம் வேறு வார்த்தைகளில். போனில் கேட்க மனசு வரவில்லை. துக்கத்தைப் போனிலா கேட்பது? அவள் வரட்டும், கையைப் பிடித்துக்கொண்டு கேட்போம் என்று இருந்தேன். ஒரு மாதம் போனது. அடுத்ததும் போனது. அவள் வரவே இல்லை. மருந்தெல்லாம் முடிந்து எனக்கு முடி முளைக்க ஆரம்பித்தபோது, அவள் மேட்டுப்பட்டி வீட்டைக் காலி செய்துவிட்டு வத்தலக்குண்டில் மகளோடு போய் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்ததே கோபம். மீசைக்கு மை பூசினவன்கூட வந்தான், இவளுக்கு வர முடியவில்லையா? கிடக்கட்டும் என்று விட்டேன்.

பிழைத்துக்கொண்டேன் என்று உறுதியானதும் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். ஆப்பிளும் நின்றது. சாகாதவளை எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பார்கள்? சிலர் தெருவில் என்னைப் பார்த்து, “பரவால்லயே, நல்லாயிட்டீகளே” என்றபோது, அதில் லேசாக ஓர் ஏமாற்றம் இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

ஆகவே போன வாரம் போன் இடம் கேட்டதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தராக வழியனுப்பினேன். பவுடர் அக்கா, போயிட்டு வாங்க. சைடு போஸ், கிளம்புங்க. சின்ன மாமியார் கதை, உங்களை மறக்கவே மாட்டேன், அழி. இப்படிப் பாதிக்கு மேல் துடைத்துவிட்டுத் தனலட்சுமியிடம் வந்தேன். அந்தப் பல்லும் மயிலும். கேட் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்று பார்க்க விரலால் பெரிதாக்கினேன். மயிலுக்குப் பக்கத்தில், புங்கமரத்தடியில், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ஒயர் கூடை.

கூடைக்குப் பின்னால் பச்சை ஸ்கூட்டி. ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வாசலையே பார்த்தபடி, பிலோ.

 மற்ற படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்டக்டர் மாமாவின் திறந்த வாய்க்குப் பக்கத்தில், காதோரம், பாதிக் கூடை. நாத்தனாரின் தோளுக்கு மேல் ஒரு பச்சை. மங்கலாக்கிக் கேட்டவர்களுக்குப் பின்னால் வெறும் பச்சைத் திட்டு, அவ்வளவுதான். எத்தனை நாள் வந்திருக்கிறாள்! அழித்தவர்கள் ஞாபகம் வந்ததும் பதறிப்போய் மகனுக்குப் போன் போட்டேன். “அம்மா, அழிச்சது குப்பத்தொட்டிலதான் இருக்கும், எடுத்துக்கலாம்” என்றான். தொட்டியைக் கவிழ்த்து அத்தனை பேரையும் திரும்பக் கூட்டிவந்தேன், பவுடர், மீசை மை, சின்ன மாமியார் என்று ஒருத்தர் விடாமல். எவர் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்கிறாளோ, யார் கண்டது?

அப்புறம் அவளைக் கூப்பிட்டேன். நம்பர் மாறவில்லை.

“யாரு?”

“நான்தாண்டி.”

 “உசுரோடதான் இருக்கியா?” என்றாள்.

“இருக்கேன். எங்க வீட்டுக்கு எதுக்க வண்டிய நிப்பாட்டி என்னடி பண்ணிக்கிட்டு இருந்த அப்ப?”

“எப்ப?” என்று இழுத்தாள். “துணி தேய்க்கக் குடுக்க வந்திருப்பேன்.”

“மேட்டுப்பட்டில இஸ்திரி வண்டியே கெடயாதா? பொய் சொல்லாதடி. போட்டோல நிக்கிற. ஒண்ணுல இல்ல, அம்புட்டுலயும் நிக்கிற.”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். “மொத நாளு உள்ள வரத்தான் வந்தேன். உங்க எதிர்வீட்டம்மா அவுக வீட்டு கேட்டுகிட்டயே நிறுத்துச்சு. ‘நீங்க துக்க வீட்டுக்காரவுக. அதே வியாதில வீட்டுக்காரரத் தூக்கிக் குடுத்துட்டு, அந்தக் காலோட வந்து நிக்கிறீக. அக்காவுக்கு என்னமும் ஆச்சுன்னா என்ன செய்வீக’ன்னுச்சு.”

“அவ சொன்னா? உங்க சர்ச்சுலதான் இதெல்லாம் கெடயாதேடி!”

“கெடயாதுதான். கோயில்ல சாமியார் சொல்லாத நாளில்ல. ஆனா உன் வாசப்படிகிட்ட வந்தா காலு வரலடி. ஏற்கெனவே ஒண்ணக் குடுத்துட்டேன். என்னால ரெண்டாவது எதுவும் ஆச்சுன்னா நான் எங்க போவேன்? சரி, ஆளில்லாத நேரமாப் பாத்து எட்ட நின்னாச்சும் உன்னப் பாத்துட்டுப் போவோம்னு நின்னா, உங்க வீட்டுல கூட்டம் கொறஞ்சாத்தானே? பட்டுச்சேலயக் கட்டிக்கிட்டு ஒவ்வொருத்தியா உள்ள போறாளுக. என்னடி திருவிழா நடத்துன அங்க?”

 “ஒரு போனாச்சும் பண்ணியிருக்கலாம்ல” என்றேன்.

“நீ பண்ணியிருக்கலாம்ல. என் வீட்டுக்காரரு செத்ததுக்கு ஒரு வார்த்த கேட்டியா நீயி?” குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலிலேயே, “நீ செத்திருந்தா மொத ஆளா வந்திருப்பேன்டி. சாவு வீட்டுக்காரி சாவு வீட்டுக்கு வாரத எவ தடுப்பா? நீதான் பொழச்சுக்கிட்டியே” என்றாள்.

நான் முதலில் சிரித்தேனா, அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டு முனையிலும் இரண்டும் கேட்டது.

தனலட்சுமியை இழுத்து வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. எங்கே கேட்பது? அவர்கள் போன வருஷம் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். சண்டை போடக்கூட ஆள் இல்லை. சரி, அந்தப் பல்லையாவது அழிப்போம் என்றால், அதிலும் முடியாது. பிலோவின் முகம் தெளிவாகத் தெரிகிற படம் அது ஒன்றுதான். எதிர்வீட்டு கேட்டின் பெருமைக்காக எடுத்தது. இனி நான் சாகும்வரை அன்றைய பிலோவைப் பார்க்க வேண்டுமானால் தனலட்சுமியின் சிரிப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வத்தலக்குண்டு பஸ் ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குத் திரும்ப முளைத்த முடி சுருள் சுருளாக இருப்பதைப் பார்த்து, “பெர்மிங் பண்ணுனியா?” என்றாள். வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினாள். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அந்த நாற்காலியைத் தேடி எடுத்து, பழைய இடத்திலேயே போட்டு, உட்கார வைத்தேன். நான் பழையபடி கட்டிலில் உட்கார்ந்து போனை நீட்டினேன்.

“சிரிக்கணுமா, வேணாமா?” என்றாள்.

“நோயாளி வீட்டுல சிரிக்கக் கூடாதுடி.”

“நீதான் இப்ப நோயாளி இல்லயே.”

“அதான் ஒருத்தரும் வாரதில்ல.”

சிரித்துவிட்டாள். எடுத்துவிட்டேன். போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, தன் முகத்தைப் பார்க்காமல் தனக்குப் பின்னால் பார்த்தாள். மயில் கேட்டைப் பிடுங்கிவிட்டு அங்கே வரிசையாகக் கடைகள் கட்டியிருக்கிறார்கள், ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது புங்கமரம் போய்விட்டது. இஸ்திரி வண்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஸ்கூட்டியை அவள் மருமகன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டானாம், கூடையோடு சேர்த்து.

“அவரு நிக்கிற எடத்துலதான் நானும் நின்னேன்” என்றாள். “அந்த எடமே இல்லயே இப்ப.”

நான் போனை வாங்கி ஓரமாக வைத்தேன். கட்டிலிலிருந்து எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் அத்தனை பேரும் கேட்டு நான் வயிறெரிந்த அதே கேள்வி. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை.

“அண்ணனுக்கு எப்படிடி ஆச்சு?” என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.